பந்தின் மேல் உட்கார்ந்தவள்

பெரம்பலூர்
6.10.2002

மதிப்பிற்குரிய சிந்தாமணி அவர்களுக்கு,

இன்று சுபுஹ் தொழுகை முடிந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து கோல் வலையை இறக்கி மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். எலி கடித்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரு ஆள் நுழைந்து போகலாம். நைலான் கயிறு வாங்கிவரச் சொல்லி, கடை திறக்கும் நேரம்வரை உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தேன். ரெடிமேட் கடைக்காரிக்குத் துணி தைக்கத் தெரியும். வலை தைப்பது வேறு வித்தை என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வருஷம் தை மாதம் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். நீங்களும் மாற்றல் வாங்கிக்கொண்டு உங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு போனீர்கள். நம் மகளிர் கால்பந்துக் கழகம் இரண்டாயிற்று. பந்துகளைப் பிரித்தோம், விசிலைப் பிரித்தோம், ஒரு ஜோடி வலையையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஜோடி வலையைப் பாகம் பிரித்தவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். அன்றைக்கு அது நியாயமாகப் பட்டது. அதிலிருந்து எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கம் வலையும் மறுபக்கம் இரண்டு செங்கல்லும் வைத்துத்தான் ஆடுகிறார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று கேள்வி.

இப்போது அரசாங்கம் இரண்டு மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டது. ஒரு மாவட்டம், இரண்டு கழகம். மாவட்டக் கோப்பையை வெல்லும் கழகம்தான் டிசம்பரில் ஸ்டேட் போட்டிக்குப் போகும். இறுதி ஆட்டம் நமக்குள்தான் என்பதும் ஆகிவிட்டது. நிபந்தனைகளை நாம் இருவரும் பேசி முடிவு செய்து எழுதிக் கொடுத்தால் அப்படியே ஏற்பதாகச் சங்கச் செயலாளர் குருநாதன் சார் சொல்கிறார். போனில் உங்கள் குரலைக் கேட்டால் சண்டைக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டம் உங்கள் ஊரிலேயே நடக்கட்டும். எங்கள் வலையைக் கொண்டுவருகிறோம். ரெஃப்ரி திருச்சியிலிருந்து வரட்டும். இன்னொன்றுதான் முக்கியம். ஜெயித்த கழகம், தோற்ற கழகத்திலிருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஸ்டேட்டுக்குப் போவது வழக்கம். அந்த வழக்கம் இந்த முறை வேண்டாம். ஜெயித்தவர்கள் மட்டும் போகட்டும். எங்களிடமிருந்து ஒருத்தியைச் சொல்லாமல் கூட்டிப்போனவர்களுக்கு இன்னும் மூன்று பேரைத் தர எனக்கு மனமில்லை. உங்களிடமிருந்தும் எங்களுக்கு யாரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹபீபா ஹுமாயூன்
செயலாளர், பெரம்பலூர் மகளிர் கால்பந்துக் கழகம்


அரியலூர்
11.10.2002

ஹபீபா,

மதிப்பிற்குரியவளாம், அவர்களுக்காம். திருச்சி ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் தேங்காயெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, என் தாவணியைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனவள் எழுதுகிற கடிதமா இது? ஸ்டாஃப் ரூமில் படித்துவிட்டுச் சிரித்தேன். கணக்கு டீச்சர் என்ன என்று கேட்டாள். கோர்ட் நோட்டீஸ் என்றேன்.

எங்கள் வலையை எலி கடிக்கவில்லை. கடித்தால் பல் போய்விடும், அத்தனை சுண்ணாம்புத் தூசி.

ஒருத்தியைச் சொல்லாமல் கூட்டிப்போனதாக எழுதியிருக்கிறாய். பெயரைச் சொல்லேன், வாய் வலிக்குமா? வீராயி. அவளை நீதான் கண்டுபிடித்தாய், ஒத்துக்கொள்கிறேன். ஸ்கூல் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொய்யாப்பிஞ்சை உதைத்துக்கொண்டு நின்றவளை உள்ளே கூட்டிவந்தவள் நீதான். ஆனால் அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை. அவள் அம்மா இங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்கிறவள். ஊருக்குத் திரும்பியவளைத் திருடினேன் என்கிறாய்.

உன் நிபந்தனைக்குச் சம்மதம். ஜெயித்தவர்கள் மட்டும் போகட்டும். கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டேட்டுக்கு நாங்கள் போகும்போது உன் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் நின்று கையாட்டலாம். அதற்கு நிபந்தனை ஏதும் இல்லை.

சிந்தாமணி


பெரம்பலூர்
19.10.2002

சிந்தா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது.

நானும் கையெழுத்திட்டு குருநாதன் சாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேரும் ஒரே கிளையில உக்காந்துகிட்டு ஆளுக்கொரு பக்கம் வெட்டுறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கி வரவில்லை.

ஆட்டம் நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அது ரமலான் மாதம். கோலில் நிற்பவள் என் மகள் இர்பானா. நோன்பு வைத்துக்கொண்டு ஆடுவாள் என்று நினைக்கவே எனக்குத் தொண்டை காய்கிறது.

"பிரயாணத்துல இருக்கவங்க நோன்பை வுட்டுட்டு அப்புறமா வச்சுக்கலாம்ல?" என்று மெல்லக் கேட்டேன்.

"பெரம்பலூர்லேந்து அரியலூருக்குப் போறதெல்லாம் ஒரு பிரயாணமாம்மா? பஸ்ஸுல சீட்டே கிடைக்காது, அதுக்குள்ள எறங்கிடுவோம்."

"அப்ப மேட்ச் அன்னைக்கு வேற யாராச்சும் நிக்கட்டும்."

"நின்னு?" என்றாள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவள் அத்தா அனுப்பிய கையுறையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவரும் போனில், "வுடு ஹபீபா, அவளுக்குத் தெரியாததா?" என்கிறார். தூரத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் மேல் இருக்கும் நம்பிக்கை எனக்கு வருவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று மணிக்கு ஆட்டத்தை ஆரம்பித்துவிட முடியுமா? பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குமுன் முடிந்துவிடும். அவள் நோன்பு திறந்துவிடுவாள்.

ஹபீபா


அரியலூர்
8.11.2002

ஹபீபா,

மூன்று மணிக்கு ஆரம்பிக்கிறோம். நோட்டீஸ் அடித்தாயிற்று. இதையெல்லாம் கேட்கவே வேண்டாம். உன் மகளை அவள் நடக்கப் பழகியதிலிருந்து எனக்குத் தெரியும்.

தீபாவளி லீவில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கெஞ்சுவதாக எடுத்துக்கொள்ளாதே.

போன வருஷம் வீராயியின் அம்மாவுக்குச் சுரங்கத்தில் கல் சரிந்து கால் போயிற்று. போயிற்று என்றால் இருக்கிறது, ஊன்ற முடியாது. அதனால்தான் அவள் பெரம்பலூர் ஹாஸ்டலை விட்டு ஊருக்கு வந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இர்பானாம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்டுக்கே வந்து எல்லாம் செய்வாங்க டீச்சர். எங்க ஆத்தா அதுக்கப்பறம் யாரு மூஞ்சிலயும் முழிக்காது" என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். நீ என்னைத் திருடி என்று ஊரெல்லாம் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தை பிறந்ததும் அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவனுக்கு முப்பத்திரண்டு வயது, முதல் பெண்டாட்டி செத்துவிட்டாள். கெட்டவன் இல்லை. ஆனால் பிள்ளை ப்ளஸ் டூ படிக்கிறாள். ஸ்டேட் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் திருச்சியில் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட்டும் ஹாஸ்டலும் கிடைக்கும். விசாரித்துவிட்டேன். அவள் அம்மா சொன்னது இதுதான்: "ஸ்டேட்டுக்குப் போயிட்டு வரட்டும், கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன். போகலைன்னா எந்தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வழக்கம்போல் மூன்று பேரைச் சேர்க்கிற விதி இருந்திருந்தால், நாங்கள் தோற்றாலும் அவள் போயிருப்பாள். உன் கோபத்தில் அதை எடுக்கச் சொன்னாய். என் திமிரில் நான் கையெழுத்துப் போட்டேன். குருநாதன் சாரிடம் போய்க் கேட்டேன். மாநிலச் சங்கத்துக்கு அனுப்பியாயிற்றாம்.

ஆகவே நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும். அவ்வளவுதான்.

சிந்தா


பெரம்பலூர்
14.11.2002

சிந்தா,

உன் கடிதம் கடைக் கல்லாவில் கிடக்கிறது. சில்லறை எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது.

வீராயியின் அம்மாவைப் பற்றி நான் அறியவில்லை. உன்னை என்னென்ன சொன்னேனோ அதையெல்லாம் இப்போது திரும்ப வாங்கவும் முடியாது. வாங்கினால் ஆட்டத்துக்கு முன் சமாதானத்துக்கு வந்தேன் என்பாய்.

என் பக்கமும் பதினெட்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி செட்டிகுளத்திலிருந்து விடிவதற்குமுன் பஸ் ஏறி வருகிறாள். இன்னொருத்தி கடலைக்காய் பறித்துவிட்டு அப்படியே மைதானத்துக்கு வருகிறாள். அவர்களிடம் போய் 'கொஞ்சம் பார்த்து ஆடுங்கள்' என்று நான் சொல்ல முடியுமா? இர்பானாவிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பந்து வரும்போது அவள் கை யோசிக்கும். யோசிக்கும் கையோடு கோலில் நிற்கக்கூடாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

வீராயிக்காக நான் தோற்க முடியாது. அவள் ஜெயிக்கட்டும் என்று துஆ கேட்கவும் முடியவில்லை. கையேந்தி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் வாய் இழுக்கிறது. ஒன்றும் கேட்காமலே எழுந்துவிடுகிறேன்.

ஹபீபா


பெரம்பலூர்
25.11.2002

சிந்தா,

நேற்று உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். கோபமோ கர்வமோ இல்லை. நீ நடுக்கோட்டுப் பக்கம் நின்றாய். நான் கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடும் தண்ணீர் பாட்டிலோடும் இர்பானாவின் கோலுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நின்று நான் பார்த்ததையும் கேட்டதையும் நீ அறிய மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

மூன்று மணி ஆட்டம், தலைமை விருந்தினர் வரத் தாமதித்ததால், நாலு மணி தாண்டித்தான் தொடங்கிற்று. அவர் கார் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நம் இரண்டு அணிப் பிள்ளைகளும் மைதானத்து ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊர் மண்ணில் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும் அல்லவா? இர்பானா ஒன்றை எடுத்து ஊதினாள்.

"கடல் இருந்தப்ப கெடந்தது அது" என்றாள் வீராயி.

"இங்கயா? கடல் எப்ப இருந்துச்சு?"

"உங்க கோச் செல்லதுரை சார் பொறந்தப்ப."

இருவரும் சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசியதே அதுதான். நாம் பேசாததால் அவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் உங்கள் ஊர்க்காரர்கள் பேசியதைக் கேட்டிருப்பாய். "ஏய், கோலி முக்காடு போட்டிருக்குடா! பாப்பா, பந்து தெரியுதா?" என்றான் ஒருவன். வீராயி அடித்த முதல் பந்தை இர்பானா பாய்ந்து தட்டிவிட்டதும் அதே குரல், "தெரியுதுடா, நல்லாவே தெரியுது" என்றது. எனக்கே சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. வீராயி பந்தோடு வரும்போது மைதானத்தின் வெள்ளைத் தூசி அவள் பின்னால் எழுந்து நின்றது. நான் கண்டெடுத்த பிள்ளைதானா இது? அவளுக்கு இவ்வளவும் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. கொய்யாப்பிஞ்சை உதைத்தவளை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் என் மகள். விடியுமுன் இரண்டு இட்லி தின்றவள். உதடு வெள்ளையாகிவிட்டது. ஆனாலும் பந்து எங்கே வருமோ அங்கே அவள் முன்பே இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு மணி நேரம் யார் ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தேர் அசையும்போது வாயைப் பிளந்து நிற்கும் ஆளைப்போல் நின்றேன்.

வீராயி போட்ட கோலை ஆஃப்சைடு என்று ரெஃப்ரி தள்ளியதும், அவள் ஆத்திரத்தில் பந்தைப் புளியமரம் வரைக்கும் உதைத்து மஞ்சள் அட்டை வாங்கினாள். நீ தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் எக்ஸ்ட்ரா டைம் வந்தது. பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் ஆரம்பிக்கலாமே என்று செல்லதுரை கேட்டார். "வெளிச்சம் போவுது சார், காத்திருக்க ரூல்ல இடமில்லை" என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வானம் அப்படித்தான் இருந்தது.

ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே கடைவீதிப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. பந்து எங்கள் கோலுக்குப் பக்கத்தில்தான் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. த்ரோ இன் உங்களுக்கு. வீராயி பந்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். இர்பானா என் கையிலிருந்த பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, முழங்காலை மடக்கி, பந்துக்குத் தயாரானாள். கோலை விட்டு நகர்ந்தால் பந்து உள்ளே போய்விடும்.

வீராயி அதைப் பார்த்தாள். தூக்கிய பந்தை இறக்கினாள். தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கத்திற்று. "த்ரோவைப் போடுடி!" உன் குரலும் கேட்டது சிந்தா: "எந்திரிடி மூதேவி!"

ரெஃப்ரி ஓடிவந்தார். அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, கால் வலியா?"

"இல்ல சார். அவ நோன்பு. குடிச்சிட்டு வரட்டும்."

"இது டைம் வேஸ்ட்டும்மா. ஒனக்கு ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கு, இன்னொண்ணு காட்டினா வெளிய போவணும். எந்திரி."

"தெரியும் சார்."

"எந்திரிம்மா!" அவர் குரல் கெஞ்சுவதுபோல் ஆகிவிட்டது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. இர்பானாவைப் பார்த்து, "போடி, சீக்கிரம்" என்றாள்.

இர்பானா என்னிடம் ஓடிவந்தாள். கையுறையைக் கழற்ற நேரமில்லை. நான்தான் பழத்தை வாயில் வைத்தேன். பாட்டிலைச் சாய்த்தேன். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. அவள் விழுங்கிவிட்டுத் திரும்பும்வரை வீராயி பந்தை விட்டு எழவில்லை. எழுந்ததும் பந்தை இரண்டு கையாலும் ரெஃப்ரியிடம் கொடுத்தாள். அவர் மஞ்சள் அட்டையைக் காட்டி, உடனே சிவப்பு அட்டையைக் காட்டினார். கூட்டம் அடங்கிவிட்டது. அவள் பாவாடையைத் தட்டுவதுபோல் நிக்கரில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

பத்து பேர் பதினோரு பேரோடு எத்தனை நேரம் ஆட முடியும்? எங்கள் பெனாசிர் கோல் போட்டாள். உங்கள் கோலி பாக்யலட்சுமி விரலில் உரசித்தான் போயிற்று. யாரும் கைதட்டவில்லை. எங்கள் பிள்ளைகளும் தட்டவில்லை. கோப்பையை வாங்கும்போது இர்பானா வீராயியைத் தேடினாள். அவளைக் காணவில்லை.

நாற்பத்து நாலு வயதில் நான் பார்த்த பெரிய காரியங்கள் என்று சில உண்டு. நேற்றோடு அவையெல்லாம் சின்னதாகிவிட்டன. தன் கல்யாணத்தை நிறுத்த இருந்த ஒரே வழியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். நான் என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹபீபா


அரியலூர்
27.11.2002

ஹபீபா,

உன் கடிதம் வந்தது. நீ எழுதியதை வீராயிக்குப் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு இப்போது பாராட்டு தேவையில்லை, சீட்டுதான் தேவை.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஸ்கூல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். போய் நன்றாகத் திட்டினேன். அடிக்கக் கையும் ஓங்கிவிட்டேன். "ஏண்டி இப்படிச் செஞ்ச? ஒனக்கு அந்தச் செகப்பு அட்டை வரும்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். ஆனா காட்ட மாட்டாருன்னும் நெனச்சேன்."

"அவ குடிக்காட்டி என்ன, செத்தா போயிடுவா?"

"அவ காஞ்ச வாயோட நிக்கிறப்ப நான் கோல் போட்டா, அது கோலா டீச்சர்? நாளைக்கு நோன்புக்காரியை ஏமாத்திட்டான்னுதான் பேரு வரும். நான் இர்பானாவைத் தோக்கடிக்கணும். நல்லா இருக்கிற இர்பானாவை."

பிறகு, ஒரு ரமலான் மாதத்தில் ஹாஸ்டல் லீவுக்கு மூடியிருந்தபோது உன் வீட்டில் தங்கியிருந்ததைச் சொன்னாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நீ அவளை எழுப்பமாட்டாயாம், தூங்கட்டும் என்று. இவளே எழுந்து வந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாளாம். நாலு நாள் இவளும் நோன்பு வைத்தாளாம். "அஞ்சாம் நாளு முடியல டீச்சர். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவளை வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நடந்துபோனேன்.

நேற்று அவள் தாய்மாமன் வந்து தட்டு மாற்ற நாள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மார்கழி பிறப்பதற்குமுன் தட்டு, தையில் கல்யாணம். அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் எதையும் கேட்க நான் இதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவள் நானும்தான். ஆனால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சிந்தா


பெரம்பலூர்
29.11.2002

சிந்தா,

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைத்தெரு அடங்கியிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். சாயங்காலத் தபாலில் போடுவேன். திங்கட்கிழமை உன் கைக்கு வரும். அதற்குள் நான் சொல்லப்போவது நடந்து முடிந்திருக்கும். நீ தடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

நேற்று குருநாதன் சாரைப் பார்க்கப் போனேன். பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"சார், ஜெயிச்ச கழகமே எங்களுக்கு ஸ்டேட்டுக்குப் போற உரிமை வேணாம்னு சொல்லிட்டா என்ன ஆகும்?"

"அப்ப விதியும் கிடையாது, நிபந்தனையும் கிடையாது. ரெண்டு ஊருப் புள்ளைங்களையும் ஒண்ணா நிக்கவச்சு சங்கமே தேர்வு நடத்தும். ஆனா ஜெயிச்சவங்க யாரும்மா வேணாம்பாங்க?" என்று சிரித்தார்.

"செகப்பு அட்டை வாங்கின புள்ளையும் வரலாமா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "மொத மேட்ச்சுல மட்டும் வெளிய உக்காரணும். வரலாம்" என்றார்.

தேர்வு என்று வைத்தால் வீராயியை யாராலும் தள்ள முடியாது. அது எனக்குத் தெரியும். கூடவே மற்றதும் தெரியும். என் பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்காவது இடம் போகும். செட்டிகுளத்துப் பிள்ளைக்குப் போகலாம். பெனாசிருக்குப் போகலாம். கோலில் நிற்க உன் பாக்யலட்சுமியும் வருவாள். அவள் இர்பானாவைவிட அரை அடி உயரம். தேர்வுக்கு வருகிறவர்கள் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய்.

என் பிள்ளைகள் நியாயமாக ஜெயித்தார்கள். விதிப்படி ஜெயித்தார்கள். அவர்கள் அம்மாக்கள் என் கடை வாசலில் வந்து நின்று கேட்பார்கள். 'எங்கள் கோப்பைதானே, அதை நீங்கள் எப்படிக் கொடுக்கலாம்?' என்று ஒருத்தி கேட்டால் நான் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். இதை அவர்களிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும். கேட்டால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு செய்ய எனக்குத் துணிவு வராது.

ஐந்து நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. உன்னைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. அவ்வளவு பெரிய மனம் எனக்குக் கிடையாது சிந்தா. அவள் ஒரு பாங்கு நேரத்தில் செய்ததைச் செய்ய எனக்கு ஐந்து நாளும் ஒரு விசாரணையும் தேவைப்பட்டிருக்கிறது. ஆனாலும் செய்யத்தான் போகிறேன்.

வீராயியின் அம்மாவிடம் நீ போய்ச் சொல். தட்டு மாற்றுவதைத் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்கட்டும். வீராயியிடம் நான் சொன்னதாக எதுவும் சொல்லாதே. தேர்வுக்கு வா என்று மட்டும் சொல்.

நாளைக் காலை சங்கக் கூட்டம். எழுந்து நின்று, வென்ற உரிமையைப் பெரம்பலூர் கழகம் விட்டுவிடுகிறது, இரண்டு ஊருக்கும் சேர்த்துத் தேர்வு வையுங்கள் என்று சொல்லப்போகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஷார்ஜாவுக்குச் சொல்லவில்லை, செல்லதுரையிடம் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஸ்டேட்டுக்குப் போக இப்போதே பை கட்டிக்கொண்டிருக்கிறாளே, அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஹபீபா